எர்த்தைப் பார்: ஓர் ஒற்றைக் கம்பியின் வரலாறு

போன புரட்டாதி மாதம் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். ஓய்வுபெற்ற பிறகு பத்து ஏக்கர் காணி வாங்கி வெங்காயம், கத்தரி, பூசணி என்று போட்டுக்கொண்டிருக்கிறார். காணியோடு சேர்ந்து வந்தது ஒரு பழைய மாசி பேர்குசன் 135 உழவு இயந்திரம். கோடை முழுவதும் அதைக் கழற்றித் துரு சுரண்டி, புதுச் சிவப்பு வர்ணம் அடித்து, கலியாண வீட்டுக் கார்போல ஆக்கி வைத்திருந்தார். ஒரேயொரு குறை. அது நினைத்தால் ஸ்ராட் ஆகும், நினையாவிட்டால் ஆகாது. காலையில் ஒரு தடவை பிடிக்கும். அரைமணி நேரம் ஓடி நிறுத்தினால், பிறகு திறப்பைத் திருப்ப ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

நண்பர் முதலில் புதுப் பற்றறி வாங்கினார். பிறகு புது ஸ்ராட்டர் மோட்டார். அதன்பின் புது சொலனொய்ட். அறுநூறு டொலருக்கு மேல் போய்விட்டது. குணம் மாறவில்லை. முன்விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிந்தது. “லைற் எரியுது, அப்ப கரண்ட் இருக்குத்தானே, பிறகேன் சுத்துதில்லை?” என்று அவர் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. கிளிநொச்சியில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாற்பது வருடங்களுக்கு மேல் கராஜ் வைத்திருந்தவர். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னார்: “எர்த்தைப் பாத்தனியோ? முதல்ல எர்த்தைப் பார். மற்றதெல்லாம் பிறகு.”

பக்கத்து ஊர் உதிரிப்பாகக் கடைக்குப் போய் ‘எர்த்துக் கேபிள்’ வேண்டும் என்றேன். அங்கே நின்ற இளைஞனுக்கு விளங்கவில்லை. கையைக் காட்டி, கார் உடலைக் காட்டி ஒருவாறு விளக்கியதும், “ஓ, கிரவுண்ட்!” என்று சிரித்தான். பிரித்தானியன் ‘பூமி’ என்றதை அமெரிக்கன் ‘தரை’ என்றான். இலங்கை முதலாமவனிடமும் கனடா இரண்டாமவனிடமும் கற்றுக்கொண்டன. எந்தப் பெயரால் அழைத்தாலும், இறப்பர்ச் சில்லில் நிற்கிற ஓர் இயந்திரத்தின் மின்சுற்று பூமியையோ தரையையோ தொடுவதேயில்லை. அப்படியானால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. அந்தக் கேள்விக்கு விடை தேடினால் உழவு இயந்திரத்துக்கு நூறு வருடங்கள் முன்னால் போகவேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள் போன மின்சாரம்

மின்சாரம் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனைக்குத் திரும்பி வந்தால்தான் வேலை செய்யும். போக ஒரு வழி, வர ஒரு வழி. ஆகவே முதல் தந்திக்காரர்கள் இரண்டு கம்பிகள் இழுத்தார்கள். 1838 இல் மியூனிக் நகரைச் சேர்ந்த கார்ல் ஓகுஸ்ட் வொன் ஸ்ரைன்ஹைல் என்ற அறிஞர், நூரெம்பெர்க்குக்கும் பியூர்த்துக்கும் இடையில் போடப்பட்டிருந்த புகையிரதத் தண்டவாளங்களையே கம்பிகளாகப் பயன்படுத்தலாமா என்று சோதித்துப் பார்த்தார். பரிசோதனை தோற்றது. ஒரு தண்டவாளத்தில் விட்ட மின்சாரம் இடையிலிருந்த மண் வழியாக மற்றத் தண்டவாளத்துக்குப் பாய்ந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார். ஸ்ரைன்ஹைல் அதைத் திருப்பி யோசித்தார். மண் மின்சாரத்தைக் கடத்துமென்றால், திரும்பி வருகிற கம்பி எதற்கு? இரண்டு முனைகளிலும் உலோகத் தகடுகளை மண்ணில் புதைத்தார். ஒரு கம்பி போதுமாயிற்று.

ஒரே நாளில் தந்தியின் கம்பிச் செலவு பாதியாகிவிட்டது என்று சொல்லலாம். அதன் பிறகு பல பத்தாண்டுகளாக உலகத்துத் தந்தி இணைப்புகள் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியிலேயே ஓடின. திரும்பும் வழியாகப் பூமி இருந்தது. ‘எர்த்து’ என்ற சொல் அப்போது உண்மையாகவே மண்ணைக் குறித்தது. தொலைபேசியும் ஆரம்பத்தில் அப்படித்தான். பின்னர் நகரங்களில் மின்சார ட்ராம் வண்டிகள் வந்து, அவற்றின் மின்சாரமும் அதே மண்ணில் திரிய, தொலைபேசியில் இரைச்சல் தாங்கமுடியாமல் போயிற்று. தொலைபேசிக்காரர்கள் மறுபடி இரண்டு கம்பிக்குத் திரும்பினார்கள்.

வாகனம் செய்தவர்கள் அந்த ஒற்றைக் கம்பி யோசனையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் மண் இல்லை. ஆனால் இரும்பு இருந்தது. பற்றறியின் ஒரு முனையை வண்டியின் உடலோடு பூட்டிவிட்டால், விளக்குக்கும் ஹோர்னுக்கும் மோட்டாருக்கும் ஒவ்வொரு கம்பி போதும். திரும்பி வரும் மின்சாரமெல்லாம் இரும்பு உடல் வழியாக வந்துவிடும். ஊரில் சைக்கிள் வைத்திருந்த எவருக்கும் இது தெரியும். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பிதான் போகும். மற்றக் கம்பி எங்கே என்று சிறுவயதில் தேடியிருக்கிறேன். சைக்கிளே மற்றக் கம்பி.

மண் போய் இரும்பு வந்த பிறகும் பழைய பெயரே நிலைத்தது.

கைபிடியிலிருந்து பொத்தானுக்கு

ஆரம்ப கால உழவு இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஏனென்றால் அவற்றில் பற்றறியே இல்லை. 1917 இல் ஹென்றி போர்ட் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய போர்ட்சனில், தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தங்களிலிருந்து வந்தது. முன்னால் கைபிடியைக் கொழுவி மனிதன் சுற்றவேண்டும். பெற்றோலில் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். இந்தக் கடைசி விவரத்தை வாசகர்களில் சிலர் சிரிப்போடு வாசிப்பீர்கள் என்று தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கைபிடி ஆபத்தானது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்ல்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய மின்சார ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்தது. உழவு இயந்திரத்துக்கு அது பரவலாக வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் 1938 இல் ஹென்றி போர்ட்டோடு கைகுலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக 1939 இல் 9என் என்ற சிறிய உழவு இயந்திரம் பிறந்தது. கலப்பையை மூன்று புள்ளிகளில் பொருத்தித் திரவ அழுத்தத்தால் தூக்கியிறக்கும் பேர்குசனின் முறைதான் அதன் பெரும் புகழ். ஆனால் அதில் 6 வோல்ற் பற்றறியும் டைனமோவும் ஸ்ராட்டரும் இருந்தன என்பதும் சிறிய விடயமில்லை. கைபிடி சுற்ற வலுவில்லாதவரும் இப்போது வயலுக்குப் போகலாம்.

யுத்தம் வந்ததும் ஒரு படி பின்னுக்குப் போகவேண்டி வந்தது. இறப்பரும் செம்பும் போர்முனைக்குத் தேவைப்பட்டதால், 1942 இல் வந்த 2என் முதலில் இரும்புச் சில்லுகளோடும், பற்றறி இல்லாத பழைய காந்த முறையோடும் விற்கப்பட்டது. பற்றறி இல்லாத காலம் என்ற ஒன்று அமெரிக்க விவசாயிக்கும் வந்துபோனது.

ஸ்ராட்டர் வந்தபோதுதான் எர்த்து ஒரு முக்கியமான ஆளாயிற்று. காரணம் கணக்கில் இருக்கிறது. முன்விளக்கு ஒன்று நாலைந்து அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஸ்ராட்டர் டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது இருநூறு, முந்நூறு அம்பியர் எடுக்கும். திரும்பும் வழியில் எங்கோ ஓர் இடத்தில் துருவாலோ வர்ணத்தாலோ நூறில் ஒரு பங்கு ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். விளக்கின் ஐந்து அம்பியர் அதைக் கடக்கும்போது இழப்பது 0.05 வோல்ற். கண்ணுக்குத் தெரியாது. ஸ்ராட்டரின் இருநூறு அம்பியர் கடக்கும்போது இழப்பது 2 வோல்ற். பன்னிரண்டில் இரண்டு போனால் எஞ்சின் தள்ளாடும். அந்த 6 வோல்ற் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அதே வலுவுக்கு இரட்டிப்பு மின்னோட்டம் வேண்டும். இழக்கக்கூடிய வோல்ற்றோ பாதி.

நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். விளக்கு எரிவது பற்றறிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. வழி சீராக இருக்கிறது என்பதற்குச் சாட்சியில்லை. ஒழுங்கையால் சைக்கிள் போகிறது என்பதற்காக லொறியும் போகும் என்று நினைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. இழந்த அந்த 2 வோல்ற் எங்கும் மறைவதில்லை. இருநூறு அம்பியரோடு பெருக்கினால் 400 வாற்று. ஒரு நகக்கண் அளவு இடத்தில் அத்தனை சூடு. இணைப்பு சூடேறி, விரிந்து, இன்னும் தளரும். அதனால்தான் காலையில் பிடித்த வண்டி அரைமணி நேரத்தில் மறுத்துவிடுகிறது.

ரொறன்ரோ, கொவென்ற்ரி, செம்பியம்

மாசி பேர்குசன் என்ற பெயரில் பாதி ரொறன்ரோவுடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டானியல் மாசி 1847 இல் ஒன்ராறியோவின் நியூகாசில் பகுதியில் தொடங்கிய பட்டறை, 1879 இல் ரொறன்ரோவுக்கு வந்தது. 1891 இல் ஹாரிஸ் கம்பனியோடு இணைந்து மாசி ஹாரிஸ் ஆயிற்று. நாம் கச்சேரிக்குப் போகும் மாசி ஹோல் 1894 இல் அந்தக் குடும்பத்தின் பணத்தில் எழுந்தது. கனடாவில் பிறந்த முதல் ஆளுநர் நாயகமான வின்சென்ற் மாசி, டானியலின் பூட்டன். கிங் வீதி மேற்கில் இருந்த அந்தப் பெரிய தொழிற்சாலைத் தொகுதி இப்போது இல்லை. அலுவலகக் கட்டடம் குடியிருப்பாகி நிற்கிறது. அருகே மாசி ஹாரிஸ் என்ற பெயரில் ஒரு சிறு பூங்கா. வார இறுதியில் அங்கே நாய்களை நடத்திச் செல்பவர்களுக்கு அது ஒரு பெயர் மட்டுந்தான்.

போர்ட்டோடு பிணக்குப்பட்டுப் பிரிவதற்கு முன்பே, பேர்குசன் 1946 இல் இங்கிலாந்தின் கொவென்ற்ரியில் தன் ரிஈ20 உழவு இயந்திரத்தைச் செய்விக்கத் தொடங்கியிருந்தார். சாம்பல் நிறத்து அந்தச் சிறிய வண்டி 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதில் ஒரு நுட்பம்: கியர்த் தடியை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்ராட்டர் சுழலும். கியரில் இருக்கும்போது தவறுதலாக வண்டி பாய்ந்து ஆளை மிதிக்காமல் இருக்க. 1953 இல் பேர்குசன் மாசி ஹாரிசோடு இணைந்தார். 1958 இல் பெயர் மாசி பேர்குசன் என்று சுருங்கியது. 35 என்ற மொடலும், 1964 இன் இறுதியில் வந்த 135 மொடலும் உலகெங்கும் போயின. 1960 இல் சென்னையில் தொடங்கப்பட்ட டஃபே கம்பனி மாசி பேர்குசன் உழவு இயந்திரங்களை இந்தியாவில் செய்தது. செம்பியத்தில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. இலங்கையின் நெல்வயல்களில் இந்தச் சிவப்பு வண்டி மாட்டைப்போலப் பழகிப்போன ஒன்று.

எங்கள் சித்தப்பாவிடம் இருந்தது ஒரு 35. அதன் கியர்த் தடியையும் ‘எஸ்’ஸுக்குத் தள்ளவேண்டும். சிறுவயதில் அந்த எழுத்து அவருடைய பெயரின் முதலெழுத்து என்று நான் நம்பியிருந்தேன்.

நேரா, மறையா

எர்த்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வரலாற்றையும் சொல்லவேண்டும். பற்றறியின் எந்த முனையை உடலோடு பூட்டுவது? இன்று எல்லா வாகனங்களிலும் மறை முனை. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1930களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் நேர் முனையைப் பூட்டும் வழக்கம் வேரூன்றியது. அமெரிக்காவில் போர்ட்டின் 6 வோல்ற் வண்டிகளும் 9என், 8என் உழவு இயந்திரங்களும் நேர் எர்த்துத்தான். தீப்பொறிக் கட்டையின் சூடான நடுமுனை மறையாக இருந்தால் பொறி இலகுவாகப் பாயும் என்பதும், கம்பி முனைகள் அரிப்புக்கு உட்படுவது குறையும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 1960களில் டைனமோவின் இடத்தை டயோட் பொருத்திய ஒல்ரனேற்றர் பிடித்துக்கொண்டபோது உலகம் மறை எர்த்துக்கு ஒருமிக்க மாறியது.

இது வெறும் பழங்கதை இல்லை. பழைய வண்டியில் பற்றறியை முனை மாற்றிப் பூட்டினாலும், புலச் சுருள் கொண்ட பழைய ஸ்ராட்டர் அதே பக்கமாகவே சுற்றும். சுருளிலும் உருளையிலும் ஒரே நேரத்தில் திசை மாறுவதால் பலன் மாறாது. “ஸ்ராட் ஆகுது, அப்ப சரி” என்று நம்பி நீங்கள் ஓட்டுவீர்கள். ஆனால் யாரோ இடையில் பொருத்திய ஒல்ரனேற்றர் இருந்தால் அதன் டயோட்டுகள் அந்தக் கணமே எரிந்திருக்கும். பழைய உழவு இயந்திரம் ஒன்றில் கைவைக்க முன்னர் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்ப்பது, ஒருவர் வீட்டுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவது போன்றது.

தடைக்காலம்

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றறி என்று பட்டியல் நீண்டது. ரோச்சுக்குப் போடும் சிறிய பற்றறிகூட வராது. செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து ஒரு கம்பியும் சைக்கிள் உடலிலிருந்து ஒரு கம்பியும் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். செய்தி முடியும்வரை சுற்றவேண்டும். என் வேலை அதுதான். உடலிலிருந்து எடுக்கும் கம்பியை வர்ணத்தின் மேல் சுற்றினால் ரேடியோ பேசாது. வர்ணம் உரிந்த இடத்தில், வெறும் இரும்பில் சுற்றவேண்டும். எர்த்து என்றால் என்ன என்று எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. ஏழு மணிச் செய்தி சொல்லித் தந்தது.

சில துளி பெற்றோல் விட்டுப் பிடிக்கவைத்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அந்தக் காலத்தவை. 1917 இன் போர்ட்சன் செய்த அதே வேலை. எழுபதுக்கு மேற்பட்ட வருடங்கள் பின்னால் போக எங்களுக்கு ஒரு அரசாங்க அறிவித்தல் போதுமாக இருந்தது. டீசல் உழவு இயந்திரத்துக்கு ஒரு நன்மை இருந்தது. ஒருதரம் பிடித்துவிட்டால் அது ஓட மின்சாரம் தேவையில்லை. பிடிக்கவைப்பதுதான் பாடு. பற்றறி செத்த வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டுப் பிடிக்கவைக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே இருக்கிறது? வன்னியில் குளக்கட்டுச் சரிவில் வண்டியை இரவு நிறுத்திவைப்பார்கள் என்று சித்தப்பா பொறாமையோடு சொல்வார்.

ஆகவே கிழட்டுப் பற்றறியில் எஞ்சியிருந்த ஒவ்வொரு வோல்ற்றையும் வீணாக்காமல் ஸ்ராட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய கலையாயிற்று. புதுப் பற்றறி வாங்கமுடியாதவன் பழைய வழியைத் துடைத்து வைத்திருக்கவேண்டும். மாதம் ஒருதரம் எர்த்துக் கேபிளைக் கழற்றி, முனையையும் அது இருக்கும் இடத்தையும் உரோஞ்சி, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுவார். “எர்த்து இல்லாட்டிக் கரண்ட் சும்மா இராது, வேற வழி தேடும்” என்பார். உண்மைதான். எர்த்துக் கேபிள் அறுந்த வண்டி ஒன்றில், ஸ்ராட்டரின் மின்னோட்டம் முழுவதும் மெல்லிய அக்சிலேற்றர்க் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று, அது சிவந்து புகைத்ததை அவருடைய கராஜில் கண்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் வெளியேறிய இரவு. மழை. எங்கள் ஒழுங்கையில் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் இருந்தது சித்தப்பாவிடம் மட்டும். பெட்டியில் இருபத்திரண்டு பேர் ஏறியிருந்தார்கள். அதில் இருவர் நடக்கமுடியாத கிழவிகள், ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. சித்தப்பா கியர்த் தடியை ‘எஸ்’ஸுக்குத் தள்ளினார். டிக். மறுபடி தள்ளினார். டிக். யாரும் பேசவில்லை. தெற்குப் பக்கமாக றோட்டில் சனம் போய்க்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கி வந்து, என்னிடமிருந்த ஜாம் போத்தல் விளக்கை வாங்காமலே, இருட்டில் கையால் தடவினார். பற்றறி முனை குளிர்ந்திருந்தது. கேபிளின் மறு நுனியில் கை வைத்ததும் எடுத்தார். சுட்டிருக்கிறது. “பிடி விளக்கை” என்றார். ஸ்பானரால் கழற்றி, இடுப்புக் கத்தியால் இரும்பு வெளிக்கும்வரை சுரண்டி, சாரத் தலைப்பால் துடைத்து மறுபடி இறுக்கினார். மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தை நான் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை. பிறகு ‘எஸ்’. எஞ்சின் ஒருதரம் தயங்கி, இரண்டாம் சுற்றில் பிடித்தது. விடிந்தபோது நாங்கள் இன்னும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவில்லை; ஆனால் எல்லோரும் வண்டியில் இருந்தோம்.

அந்த 35 பிறகு வன்னிக்குப் போனது. 2009 இல் அது எங்கே நின்றது என்று சித்தப்பா சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை.

அளந்து பார்த்தல்

மறுவாரம் நண்பரின் தோட்டத்துக்கு ஒரு சாதாரண மீற்றரோடு போனேன். கத்தியும் கையும் போதாதா என்றால், போதும். ஆனால் பகல் வெளிச்சமும் அவகாசமும் இருக்கும்போது அளப்பதே மேல். ஊகித்து வாங்கிய மூன்று சாமான்கள் ஏற்கெனவே அங்கே கிடந்தன.

மீற்றரை ஓம் அளவுக்கு வைத்துக் கேபிளைப் பார்ப்பது பலர் செய்யும் பிழை. நூறு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீற்றர் கிட்டத்தட்டப் பூச்சியம் என்றே காட்டும். மின்னோட்டம் பாயும்போது எவ்வளவு வோல்ற் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. எஞ்சின் பிடிக்காதபடி டீசலை நிறுத்தும் பிடியை இழுத்துவைத்து, கியர் நடுநிலையில் இருப்பதை உறுதி செய்து, நண்பரைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். பற்றறியின் இரு முனைகளிலும் 11.4 வோல்ற். பற்றறியில் குறையில்லை. அது பலவீனமாக இருந்தால், அல்லது ஸ்ராட்டர் இறுகியிருந்தால், அந்த எண் ஒன்பதை நோக்கிச் சரிந்திருக்கும். ஸ்ராட்டர் இழுவைப்படும்போது பற்றறி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது என்றால், இடையில் வழி மறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து நேர் பக்கம்: பற்றறியின் நேர் முனையிலிருந்து ஸ்ராட்டரின் முனைவரை 0.3 வோல்ற் இழப்பு. பரவாயில்லை. பிறகு எர்த்துப் பக்கம்: ஒரு கம்பியைப் பற்றறியின் மறை முனையின் ஈயத்திலேயே வைத்து, மற்றதை ஸ்ராட்டரின் உடலில், வெறும் உலோகத்தில் வைத்தேன். அரை வோல்ற்றுக்கு மேல் இருந்தால் கவனிக்கவேண்டும். 2.6 காட்டியது. ஸ்ராட்டருக்குக் கிடைத்தது எட்டரை வோல்ற் மட்டும்.

இனித் துண்டு துண்டாக. முனைக்கும் அதைக் கவ்வும் பிடிக்கும் இடையில் 0.05. பிடிக்கும் கேபிளின் மறுநுனிக்கும் இடையில் 0.15. மறுநுனிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் 2.4. அவ்வளவுதான். கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

போல்ற்றைக் கழற்றினோம். கேபிள் நுனியின் கீழே, நண்பர் கோடை முழுவதும் பாடுபட்டு அடித்த அந்த அழகான சிவப்பு வர்ணம், இரண்டு பூச்சு. மின்சாரம் இதுவரை போல்ற்றின் புரி வழியாகத்தான் தட்டுத்தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. எமரித் தாளால் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வர்ணத்தை உரித்து இரும்பை வெளிப்படுத்தி, கேபிள் நுனியையும் மினுக்கி, பல்வைத்த வாசரோடு இறுக்கி, மேலே வாசலீன் பூசினோம். மறுபடி அளந்தபோது 0.2. டீசல் பிடியை விட்டுவிட்டுத் திறப்பைத் திருப்ப, அரைச் சுற்றில் பிடித்தது. ஓடவிட்டு, சூடேற்றி, நிறுத்தி, ஆறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஆறு தடவையும் பிடித்தது.

நண்பருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், அறுநூறு டொலர்க் கவலை மறுபக்கம். “உரிச்ச இடம் வடிவில்லாமல் தெரியுது, மேலால கொஞ்சம் வர்ணம் அடிக்கட்டோ?” என்று கேட்டார். பூட்டிய பிறகு மேலே அடிக்கலாம், கீழே மட்டும் வேண்டாம் என்றேன்.

இரவு சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். எண்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “என்ன நிறம் அடிச்சவர்?” என்று கேட்டார்.

“சிவப்புத்தான் சித்தப்பா. பழைய மாசிச் சிவப்பு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“நல்ல நிறம்” என்றார். “ஓடேக்க ஒரு படம் எடுத்து அனுப்பு.”